ஆயக்கட்டை அறியாத வரைபடம்

ஒரு நகரத்துக்குச் சோறும் காய்கறியும் மீனும் எங்கிருந்து வருகின்றன, நாளைக்கும் வருமா என்ற கேள்வியை நாம் வேளாண்மைத் துறையிடமும் ரேஷன் கடையிடமும் கேட்டுப் பழகியிருக்கிறோம். நகர ஊரமைப்பு அலுவலகத்தில் வண்ணம் தீட்டி வைத்திருக்கும் நிலப் பயன்பாட்டு வரைபடத்திடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் கடலூர் மாதிரியான ஓர் ஊரில், மாநகராட்சி எல்லையைத் தாண்டிய சில நிமிடங்களிலேயே நெல் வயலும் வாழைத் தோட்டமும் தொடங்கிவிடுகிற ஊரில், இருபது ஆண்டுகள் கழித்து எந்த நிலத்தில் விளையும், எந்தத் தெருவில் விற்கும், எந்த மணலில் கருவாடு காயும் என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் அந்த வரைபடமும் அதனோடு இணைந்த விதிகளும்தான். நான் நகரத் திட்டமிடல் படித்தவன் அல்லன். கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்துகொண்டு, ஊருக்கு வெளியே ஓர் ஏரியின் கீழ் குடும்பத்துக்குச் சொந்தமான கொஞ்சம் நன்செய் நிலத்தைப் பார்த்துக்கொள்பவன். அந்த முறையில், இந்த விதிகள் உணவுக்கு எந்த இடத்தில் துணை நிற்கின்றன, எந்த இடத்தில் கைவிடுகின்றன என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்படி ஒரு பகுதிக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாரிக்கும்போது நிலங்களைக் குடியிருப்பு, வணிகம், தொழில், கல்வி, பொதுப் பயன்பாடு, வேளாண்மை என்று மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்பதை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் இடமெல்லாம் உணவுக்கென்று காக்கப்பட்ட இடம் என்றுதான் முதல் பார்வையில் எண்ணத் தோன்றும். நடைமுறையில், வருங்கால மக்கள்தொகையைக் கணக்கிட்டு வீட்டுக்கு இவ்வளவு, தொழிலுக்கு இவ்வளவு, கல்விக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய பிறகு எஞ்சிய நிலத்துக்குப் பூசும் நிறமாகவே அந்தப் பச்சை இருந்துவருகிறது. இத்தனை லட்சம் பேருக்கு இத்தனை வீடு வேண்டும் என்று கணக்குப் போடும் திட்டம், அத்தனை பேருக்கு நகருக்கு அருகில் எத்தனை ஏக்கர் கீரையும் காயும் வேண்டும் என்று கணக்குப் போடுவதில்லை. ஆகவே வேளாண் மண்டலத்தை வாங்குபவரும் விற்பவரும் தரகரும் இன்னும் மனையாகாத நிலம் என்றே பார்க்கிறார்கள்; அலுவலகமும் பல வேளைகளில் அப்படியே பார்க்கிறது.

அந்த நிலத்தை மனையாக்குவதற்கான வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. நிலத்தின் சொந்தக்காரர் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு மனுக் கொடுக்கலாம். அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பல துறைகளின் கருத்தைப் பெற்று அதன்மேல் முடிவெடுப்பார்கள். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களுக்கு 2017இல் தனி விதிகளே வந்தன. இந்த ஏற்பாட்டில் நான் குறை காண்பது முக்கியமாக ஓரிடத்தில்தான். கேள்வி எப்போதும் ஒரு சர்வே எண்ணைப் பற்றியதாகவே இருக்கிறது. அந்த எண்ணில் கடைசியாக எப்போது பயிர் வைத்தார்கள், அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் என்ன பதிவாகியிருக்கிறது, போய்வரப் பாதை இருக்கிறதா, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்று பார்க்கிறார்கள். பக்கத்து வயல் பாதிக்குமா என்ற கேள்வி எழுந்தாலும் அது வரப்பை அடுத்த வயலோடு நின்றுவிடுகிறது. பாசனம் முடியும் கடைமடை வரைக்கும் போவதில்லை.

ஏரிப் பாசனத்தில் புழங்கியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுபடல் என்று உடனே புரியும். மதகிலிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் வாய்க்காலில் ஓடி, கிளை வாய்க்காலில் பிரிந்து, கடைசியில் வரப்பில் வெட்டிய மடை வழியாக வயலிலிருந்து வயலுக்கு இறங்குகிறது. மேல் வயல்காரர் தன் வயல் நிறைந்ததும் மடையைத் திறந்துவிடக் கீழ் வயல் நனைகிறது. மழை மிகுந்த காலத்தில் உபரி நீர் வடிவதும் அதே வழியில்தான். சர்வே எண்ணின் அளவைப் படமான புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று கோடிட்டுக் காட்டியிருப்பதை மனை போடுபவர் அடைக்க முடியாது. அதற்குச் சான்றும் தணிக்கையும் உண்டு. ஆனால் பட்டா நிலத்துக்குள் வரப்பு வழியாகப் போகும் இந்தத் தண்ணீர்ப் பாதை எந்த ஆவணத்திலும் இல்லை. அது ஊர் வழக்கத்தில் மட்டுமே இருக்கிறது. எனவே ஆயக்கட்டின், அதாவது ஓர் ஏரியின் கீழ்ப் பாசனம் பெறும் மொத்த நிலத்தின், நடுவில் இரண்டு ஏக்கர் மனையாகி, அதன்மேல் லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மேடாக்கினால், எந்த விதியும் மீறப்படாமலேயே கீழே உள்ள வயல்களுக்குத் தண்ணீர் வரும் வழி அடைபடுகிறது. மேலே உள்ள வயல்களிலோ ஐப்பசி, கார்த்திகை மழைநீர் வடியாமல் நின்று நட்ட நாற்று அழுகுகிறது. எங்கள் நிலத்துக்குக் கிழக்கே இப்படி ஒரு மனைப்பிரிவு வந்த பிறகு, பெருமழைக்கெல்லாம் டீசல் இன்ஜின் வைத்துத் தண்ணீரை இறைத்து வெளியேற்றினால்தான் சம்பா பிழைக்கிறது. அந்த மனைகளில் இன்றுவரை பெரும்பாலானவற்றில் வீடு இல்லை. எல்லைக் கல்லும் கருவேலமும்தான் இருக்கின்றன.

இதன் விளைவு தண்ணீரோடு நிற்பதில்லை. ஆயக்கட்டு துண்டுபட்டால் பொதுவில் ஆள் வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் வழக்கம் நின்றுபோகிறது; ஆளாளுக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள், கடலோர மாவட்டத்தில் அதன் முடிவு உப்பு நீர். சிதறிக் கிடக்கும் அரை ஏக்கர், முக்கால் ஏக்கருக்கு அறுவடை இயந்திரம் வருவதற்கு உரிமையாளர் தயங்குகிறார். நெல் வரத்துக் குறைந்த ஊரில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறக்கச் சொல்லிக் கேட்கவும் வலு இருப்பதில்லை. இரண்டு மூன்று போகம் தரிசாகக் கிடந்த நிலத்தில் விவசாயம் நடைபெறவில்லை என்று அடங்கல் தானாகவே சாட்சி சொல்லும். அடுத்த நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கான காரணத்தை முந்தைய மாற்றமே உண்டாக்கிக் கொடுக்கிறது.

ஆகவே பாதுகாப்பின் அலகு சர்வே எண்ணாக இருப்பதால் பயனில்லை. அது ஏரியின் ஆயக்கட்டாக இருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. ஓர் ஏரியின் கீழ்ப் பாயும் நிலம் முழுவதையும் ஒரே மண்டலமாக அறிவித்து, அதற்குள் பயன்பாட்டு மாற்றம் கேட்டு வரும் எந்த மனுவையும் அந்த ஆயக்கட்டு முழுவதன் நீரோட்டத்தோடும் சேர்த்தே பரிசீலிக்க வேண்டும். இதற்குப் புதிதாக அளவை எதுவும் செய்ய வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டிலேயே ஒவ்வொரு நன்செய்ப் புலத்துக்கும் பாசன ஆதாரம் எது என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவேட்டையும் புலப்படங்களையும் முழுமைத் திட்டத்தின் வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்தாலே ஆயக்கட்டின் எல்லை தானே வெளிப்படும். வருவாய்த் துறையின் அறிவும் நகர ஊரமைப்புத் துறையின் அறிவும் ஒரே மேசைக்கு வராததுதான் இங்கே தடை.

மனைகளை முறைப்படுத்த அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தபோது, தமிழ்நாடு முழுவதும் விளைநிலங்களில் மனை போடும் வேகம் ஒரே நாளில் தணிந்தது. அடுத்த ஆண்டே, 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கிய எளியவர்களுக்கு அது தேவையான நிவாரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நடவடிக்கை முழுவதும் சாலை அகலம், அங்கீகாரம், கட்டணம் ஆகியவற்றைச் சுற்றியே நடந்தது. எந்த மனைப்பிரிவு எந்த ஏரியின் பாசனத்தை வெட்டியது என்று பார்த்து, வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு குழாயாவது பதித்து நீர்வழியைத் திருப்பித் தரச் சொல்லும் வாய்ப்பு அப்போது இருந்தது. அது கைநழுவியது.

வேளாண் நிலத்தைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து வட்டாரங்களையும், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களையும் உள்ளடக்கியது. அதே 2020 பிப்ரவரியில், கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் 45 கிராமங்களைப் பெட்ரோ ரசாயன முதலீட்டு மண்டலமாக்க 2017இல் வெளியிட்ட அறிவிப்பும் திரும்பப் பெறப்பட்டது. இரண்டும் உழவர்கள் நெடுநாள் போராடிப் பெற்றவை. அவற்றின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருந்தாலும் அந்தச் சட்டம் தடை செய்வது எண்ணெய், எரிவாயு எடுப்பது, துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்குவது, கப்பல் உடைப்பது போன்ற பெருந்தொழில்களை. வீட்டுமனை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. எங்கள் பக்கத்தில் நான் பார்த்தவரை வயல்கள் மறைவது உருக்காலைகளால் அல்ல. நான்கு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று சத்தமில்லாமல் மனையாவதால்தான். அதோடு கடலூர் நகரத்தைச் சுற்றியுள்ள கடலூர், அண்ணாகிராமம், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி வட்டாரங்கள் அந்த மண்டலத்துக்கு வெளியே இருக்கின்றன. நகரம் எந்தத் திசையில் வளர்கிறதோ அந்தத் திசையில்தான் பாதுகாப்பு இல்லை.

கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இதைவிட நுட்பமானது. அங்கே ஒவ்வோர் ஊராட்சியிலும் நகராட்சியிலும் எது நெல்வயல், எது ஈரநிலம் என்று தரவுப் பட்டியல் தயாரித்து வெளியிட வேண்டும்; வேளாண் அலுவலரும் கிராம அலுவலரும் நெல் விவசாயிகளின் பிரதிநிதிகளும் சேர்ந்த உள்ளூர்க் குழு அதைக் கவனிக்கும். வேறு நிலமே இல்லாதவர் தான் குடியிருக்க வீடு கட்ட, ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை அனுமதி கேட்கலாம். அப்போதும் சுற்றியுள்ள வயல்களின் நீரோட்டம் கெடக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. 2018இல் வந்த திருத்தம், பட்டியலில் சேராத நிலங்களைக் கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ள வழி திறந்துவிட்டது என்று அங்கே கடுமையான விமர்சனம் இருக்கிறது. ஆனாலும் யாருக்கு, எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்று சென்ட் கணக்கில் எழுதிய விதி, மாவட்ட அளவிலான பொதுவான நல்லெண்ணத்தைவிட வலுவானது என்பது என் எண்ணம்.

இங்கே உழவரின் பக்கத்து நியாயத்தையும் பேசியாக வேண்டும். நகரத்தின் பசிக்காக உன் நிலத்தை விற்காதே என்று சொல்பவர்களில் பலர் ஏற்கெனவே மனையாகிவிட்ட நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள். விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை வந்த பிறகு சாலையோர நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. பிள்ளையின் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ நிலத்தைத் தவிர வேறு கையிருப்பு இல்லாத ஒருவரிடம் மண்டல வரைபடத்தைக் காட்டி விற்காதே என்பது அநியாயம். ஆகவே தடையோடு ஈடும் வர வேண்டும். கேரளம் 2020 முதல் நெல்வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் என்று தொடங்கியது. தொகை சிறிது, கொள்கை பெரிது. ஜப்பானில் நகரத்துக்குள் உள்ள விளைநிலங்களுக்கென்றே 1974இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 1991இல் திருத்தினார்கள். 30 ஆண்டுகள் பயிர் செய்வேன் என்று ஒப்புக்கொள்பவருக்கு மனைக்குரிய வரி இல்லாமல் விளைநிலத்துக்குரிய வரி மட்டுமே. தொடக்கத்தில் 500 சதுர மீட்டர் நிலமாவது வேண்டும் என்றிருந்ததை 2017இல் 300 சதுர மீட்டர் வரை குறைத்துக்கொள்ள வழிசெய்து, அங்கேயே விளைந்ததை விற்கும் கடைக்கும் அனுமதி தந்தார்கள். 30 ஆண்டுக் கெடு 2022இல் முடிந்தபோது நிலமெல்லாம் ஒரேயடியாகச் சந்தைக்கு வந்துவிடாமல் இருக்க, பத்துப் பத்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ள முன்கூட்டியே ஏற்பாடு செய்தார்கள். டோக்கியோவின் வீடுகளுக்கு நடுவே இன்றும் முட்டைக்கோசு விளைகிறது என்றால் அதற்குக் காரணம் இந்த வரிக் கணக்குத்தான்.

நம் கட்டட விதிகளிலும் மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்று ஒன்று இருக்கிறது. சாலைக்கு நிலம் விட்டவர் அதற்கு ஈடாகக் கூடுதல் தளப்பரப்பு உரிமை பெற்று, அதை இன்னொருவருக்கு விற்கலாம். இதையே ஆயக்கட்டு உழவருக்கும் தரலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சென்னைக்கு அது பொருந்தலாம். கூடுதல் மாடிக்குப் பெரிய தேவை இல்லாத கடலூரில் அந்த உரிமையை வாங்க ஆள் இருக்க மாட்டார்கள். இங்கே நேரடி ஊக்கத்தொகைதான் நடக்கும். அதற்கான பணத்தை நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு வசூலிக்கும் கட்டணத்திலிருந்தே எடுப்பது முறை.

தென்பெண்ணை ஆற்றுக்கு வடக்கே, புதுச்சேரிப் பக்கம் போனால் நிலம் அதேதான், சட்டம் மட்டும் மாறுகிறது. புதுச்சேரிக்கு 1969ஆம் ஆண்டின் தனி ஊரமைப்புச் சட்டமும், தனித் திட்டக் குழுமமும் உண்டு. புதுச்சேரிப் பகுதியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பாகூர் கடலூருக்கு மிக அருகில் இருக்கிறது. அதன் ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. அணைக்கட்டு தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு. 1999இல் தொடங்கி ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு நடந்த ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் அவற்றைத் தூர்வாரி, பாசனதாரர் சங்கங்களையும் அமைத்தார்கள். ஏரியைச் சீரமைத்த அக்கறை ஆயக்கட்டு வரைக்கும் போயிருக்க வேண்டும். கரையைப் பலப்படுத்தி, மதகைப் புதுப்பித்து, அந்தத் தண்ணீர் பாய வேண்டிய நிலத்தை மனையாக விட்டுவிட்டால் அந்த ஏரி யாருக்கு? 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் நூற்றுக்கு 68 பேர் நகரவாசிகள். இவ்வளவு நெருக்கமான நிலப்பரப்பில் இரண்டு அரசுகளின் திட்டக் குழுமங்களும் ஒரே ஆற்றுப் படுகையை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல் இருப்பது எனக்கு விளங்கவே இல்லை.

வெள்ள காலத்தில்தான் இதன் முழு அர்த்தமும் தெரியும். 2011 டிசம்பரில் தானே புயல், 2015 நவம்பரில் பெருவெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயல் என்று இந்தக் கடலோரம் அடி மேல் அடி வாங்கியிருக்கிறது. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி வந்தது. அரசூர் அருகே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிப் பக்கம் ரயில்களும் நின்றன. ஓசூரிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் லாரியில் வரும் காய்களை நம்பியிருக்கும் ஊர் இப்படிப்பட்ட நாட்களில் என்ன சாப்பிடும்? பக்கத்தில் விளைவதும் வெள்ளத்தில் போகும் என்று சொல்வார்கள். உண்மைதான், தாழ்வான வயல்கள் மூழ்கின. ஆனால் கேப்பர் மலைப் பக்கத்து மேட்டு நிலத் தோட்டங்களில் வெள்ளம் ஏறுவதில்லை. மேட்டில் தோட்டமும் பள்ளத்தில் நெல்லும் கரையில் மீனும் என்று பல நிலைகளில் உணவு இருப்பதுதான் இந்த ஊரின் காப்பு. வயலாக இருக்கும் பள்ளம் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. மேடாக்கிய மனை அதே நீரைப் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளுகிறது.

கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்கள் இதற்குப் பெரிய சாட்சி. நகரத்தின் கழிவுநீரில் மீன் வளர்த்து, குப்பை மேட்டில் காய்கறி பயிரிட்டு, அதே நகரத்துக்குக் கொண்டுபோய் விற்கிறார்கள். ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நிலத்தின் பயன்பாட்டை மாற்றக் கூடாது என்று 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2006இல் தனிச் சட்டம் வந்தது. ஆக்கிரமிப்புகள் அங்கேயும் உண்டு. ஆனாலும் அங்கே காக்கப்படுவது குளம் குளமாக அல்ல, ஓர் முழு அமைப்பாக.

விளைவதைக் காத்தால் போதாது, விற்கும் இடத்தையும் விதி காக்க வேண்டும். 1999இல் தொடங்கிய உழவர் சந்தைகள் இன்றும் இந்த ஊர்களில் உழவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் சந்திக்கும் இடங்கள். ஆனால் நகரம் விரிந்த அளவுக்கு அவை பெருகவில்லை. புதுக் குடியிருப்புகளுக்குக் காய்கறி தள்ளுவண்டியிலும் தலைக்கூடையிலும்தான் போகிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், ஒரு நகரத்தின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை தெரு வியாபாரிகளுக்கு இடம் தர வேண்டும் என்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது. காலங்காலமாக மக்கள் கூடி வாங்கி விற்கும் இடத்தை இயற்கைச் சந்தையாக அங்கீகரிக்கவும் அதில் இடமிருக்கிறது. கடலூரின் பான்பரி மார்க்கெட்டைச் சுற்றித் தரையில் சாக்கு விரித்துக் கீரையும் மொச்சையும் விற்கும் கிராமத்துப் பெண்கள் அந்தச் சட்டத்தின்படி உரிமையுள்ளவர்கள். ஆனால் நெரிசல் என்று வந்தால் முதலில் கிளப்பப்படுபவர்களும் அவர்களே. முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில் விற்பனை மண்டலம் இடம்பெற்றுவிட்டால், அவர்களை அப்புறப்படுத்துவது ஒரு காலை நேரத்து நடவடிக்கையாக இருக்க முடியாது. நியூயார்க்கில் 2009 முதல் காய்கனிக் கடை போதிய அளவு இல்லாத பகுதிகளில் புதிய கட்டடத்தில் அப்படியொரு கடைக்கு இடம் தந்தால் கூடுதல் தளப்பரப்பு தருகிறார்கள். நமக்கு அந்த அளவு சிக்கல் வேண்டாம். புதிய மனைப்பிரிவில் தள்ளுவண்டி நிற்க நிழலுள்ள ஓர் இடமும் ரேஷன் கடைக்கு ஒரு மனையும் கட்டாயம் என்று விதி இருந்தாலே போதும்.

மீனைப் பற்றிச் சொல்லாமல் கடலூரின் உணவைப் பற்றிப் பேச முடியாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் நிலப் பயன்பாட்டு விதிதான். 2011ஆம் ஆண்டு அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் 200 மீட்டர் வரை பொதுவாகக் கட்டுமானம் கூடாது என்றது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. தாழங்குடா, தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் கரைகளில் அந்த மணல் சும்மா கிடக்கும் இடம் அல்ல. படகு ஏற்றுவது, வலை பின்னுவது, ஏலம் விடுவது, கருவாடு காயவைப்பது எல்லாம் அங்கேதான். மீன் வரத்துக் குறையும் மாதங்களிலும் மீன்பிடித் தடைக்காலத்திலும் உள்நாட்டு ஊர்களின் ஏழை வீட்டுக் குழம்புக்குப் புரதம் தருவது கருவாடு. அதைக் காயவைக்கத் தேவை வெயிலும் வெறும் மணலும் மட்டுமே. மீனவர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் களங்களையும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொல்கிறது. தமிழ்நாட்டு வரைவுத் திட்டங்களில் இவை முறையாகக் காட்டப்படவில்லை என்பது மீனவ அமைப்புகள் தொடர்ந்து எழுப்பும் புகார். வரைபடத்தில் இல்லாத களத்தை நாளைக்கு யார் கேட்டாலும் காலி இடம் என்று கொடுத்துவிடுவார்கள்.

நகரத்துக்குள்ளேயே விளைவிப்பதைப் பற்றி எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. மாடித் தோட்டம் நல்லது, ஆனால் ஊருக்குச் சோறு போடாது. ஓர் இடம் மட்டும் கவனிக்கத்தக்கது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை போக எஞ்சிய பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேலென்றால் அதை நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தந்தாக வேண்டும். இவற்றில் பல புல் மண்டிக் கிடக்கின்றன. பூங்கா என்ற தன்மை கெடாமல் அதன் ஒரு பகுதியில் முருங்கை, வாழை, கீரை என்று அந்தத் தெரு மகளிர் குழுவே பயிரிட உள்ளாட்சி அனுமதி தந்தால் யாருக்கும் இழப்பில்லை.

2021இல் கடலூர் மாநகராட்சியானது. சுற்றுக் கிராமங்களைச் சேர்க்கும் பேச்சு வரும்போதெல்லாம் நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடும் என்று மக்கள் எதிர்க்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. வயலும் மாட்டுத் தொழுவமும் கொண்ட ஊர் மாநகராட்சி வார்டாக மாறினாலும் அந்த வயலும் தொழுவமும் அங்கே சட்டப்படி தொடரலாம் என்ற உறுதி எழுத்தில் வேண்டும். முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபமும் கருத்தும் தெரிவிக்க மக்களுக்கு உரிமை உண்டு. அந்த அறிவிப்பு நாளிதழின் ஓரத்தில் சிறு எழுத்தில் வந்து போய்விடும் என்பதால், அதற்குக் காத்திராமல் இப்போதே தயாராக இருப்பது நல்லது. எங்கள் ஏரியின் கீழ் உள்ள புல எண்களை அ-பதிவேட்டிலிருந்து நகல் எடுத்து, வரப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும் பாதையைப் புலப்படத்தின் மேல் பென்சிலால் குறித்து, கிராம சபையில் தீர்மானமாக வைக்க நாங்கள் முயன்றுகொண்டிருக்கிறோம். மற்ற ஏரிகளின் பாசனதாரர்களும் இதைச் செய்ய விரும்பினால், புலப்படத்தையும் அ-பதிவேட்டு விவரத்தையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பெறலாம். தண்ணீர்ப் பாதையை மட்டும் ஊரில் மூத்தவர்களை வயலுக்கு அழைத்துப்போய்க் கேட்டுத்தான் குறிக்க வேண்டும்.